கொம்புப் பெயிண்ட் பூசிய ஜீப்பு

எதிரே நின்று கல் எறிகிறவர்கள் குறைவு. வண்டி கடந்து போகட்டும் என்று விட்டுவிட்டு, முதுகுக்குப் பின்னாலிருந்துதான் எறிவார்கள். எறிகிறவனும் எறிபடுகிறவனும் அடுத்த வாரம் ஒரே சந்தையில் முகம் பார்க்க வேண்டியவர்கள் இல்லையா? இட ஒதுக்கீட்டுக்காகச் சாலை மறியல் நடந்த அந்த வருடங்களில், கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஜீப்புக்காரர்கள் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். மறியல் என்று பேச்சு அடிபட்டதும் முதல் வேலையாகப் பின்விளக்குகளைக் கழற்றி, துணியில் சுற்றி வீட்டுக்குள் வைத்துவிடுவார்கள். மற்ற கண்ணாடி எது உடைந்தாலும் எங்காவது பிடித்துவிடலாம். பழைய மிலிட்டரி ஜீப்பின் பின்விளக்குக் கண்ணாடி உடைந்தால், சேலம் வரை போய்த் தேடினாலும் கிடைக்காது.

அப்படி ஒரு ஜீப்பு என் அக்கா வீட்டுக்காரரிடம் இருந்தது. உலக யுத்தம் முடிந்து ஏலத்தில் விட்ட வண்டி, பல கை மாறி அவரிடம் வந்திருந்தது. ஸ்டீயரிங் இடது பக்கம். பேட்டரி ஆறு வோல்ட். மேட்டில் ஏறும்போது அது போடும் சத்தத்துக்கு அடுத்த குன்றில் மேயும் ஆடுகூடத் தலையைத் தூக்கும். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் வீடு எடுத்து, மலைக்காரர்களிடம் புளியும் கடுக்காயும் சாமையும் வாங்கிக் கீழே கொண்டுவந்து விற்பார். அக்காவும் அவரோடு மலையில்தான் இருந்தாள். அப்போது அவளுக்கு ஏழாம் மாதம்.

மாமா சரக்கு இறக்க வந்திருந்த சமயத்தில் மறியல் தொடங்கியது. சாலையெல்லாம் புளியமரங்களை வெட்டிப் போட்டுவிட்டார்கள். கீழே வந்தவர் கீழேயே மாட்டிக்கொண்டார். எங்கள் வீட்டுக் களத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டு, பூனை மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார்.

மறியலைப் பற்றி நான் குறை சொல்லப்போவதில்லை. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, அரசாங்க வேலைக்குக் காத்திருந்து அலுத்துப்போய், பம்பு செட்டு மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தவன் நான். மரம் வெட்டியவர்களும் என் சித்தப்பா பிள்ளைகள், பெரியப்பா பிள்ளைகள் மாதிரியானவர்கள்தான். அவர்கள் கேட்டது எனக்கும் சேர்த்துத்தான் என்பது எனக்குத் தெரியும்.

பின்விளக்குகளை மற்றவர்களைப் போலவே மாமாவும் கழற்றப் பார்த்தார். வலது பக்கத்து விளக்கு வந்துவிட்டது. அதைப் பழைய வேட்டியில் சுற்றி எங்கள் நெல் குதிருக்குப் பின்னால் வைத்தார். இடது பக்கத்து விளக்கின் போல்ட் துருவேறி இறுகிக் கிடந்தது. "கெடக்கட்டும் போ, அதுக்கு ஆயுசு கெட்டின்னா தப்பிக்கும்" என்று விட்டுவிட்டார். தப்பிக்கவில்லை. மறுநாளே, வேறு வழி இருக்கிறதா என்று பார்க்கப் போன இடத்தில், சின்னசேலம் பக்கத்தில் எவனோ விட்ட கல்லில் அதன் கண்ணாடி நொறுங்கியது.

அத்தோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. எங்கள் ஊர்ப் பையன்கள் ஜீப்பின் பின்பக்கத்தில் கோஷம் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். கோஷம் எழுதிய வண்டியைக் கண்டால் போலீஸ்காரர்கள் டிரைவரை இறக்கி அடிப்பதாகப் பேச்சு. அதை மறைக்க மாமாவுக்குப் பெயிண்ட் வேண்டியிருந்தது. கடைகள் அடைத்துக் கிடந்தன. மாட்டுப் பொங்கலுக்கு எங்கள் மாடுகளின் கொம்புக்கு அடித்தது போக மீதிப் பச்சைப் பெயிண்ட் டப்பாவில் தோல் கட்டிக் கிடந்தது. அதைக் குச்சியால் கிண்டி, மண்ணெண்ணெய் கலந்து, ஜீப்பின் பின்பக்கம் முழுக்க ஒன்றுக்கு இரண்டு முறை மெத்தையாகப் பூசிவிட்டார். "பாரு மச்சான், நம்ம மாடு கொம்பு மேரி இன்னா பளபளப்பு!" என்று தள்ளி நின்று பார்த்துச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

போலீஸ்காரர்கள் சும்மா இருப்பார்களா? மரம் வெட்டப் போகிறவர்கள் அடையாளம் தெரியாமலிருக்க விளக்கில்லாத வண்டியில் போகிறார்கள் என்று அவர்கள் கணக்கு. அடிவாரச் சாவடியில் ஓர் உத்தரவு போட்டார்கள். மலைக்குப் போகிற வண்டி போலீஸ் வேனோடு சேர்ந்துதான் போக வேண்டும். முன்விளக்கு, பின்விளக்கு எல்லாம் எரிய வேண்டும். பக்கத்துத் தெருக்காரர் ஒருவரின் ஜீப்பை முந்தின நாள்தான் சாவடியிலிருந்து திருப்பி அனுப்பியிருந்தார்கள். எங்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. அவசரம் ஒன்றுமில்லை, மறியல் முடிந்ததும் மாட்டிக்கொள்ளலாம் என்றிருந்தோம்.

அதற்கு மறுநாள் விடிந்து சற்று நேரத்தில் ஒரு மலைக்காரர் வந்தார். அக்கா வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர். ஒற்றையடிப் பாதையில் காட்டுக்குள் இறங்கி, வரப்பு வரப்பாக எங்கள் களத்துக்கு நடந்தே வந்திருந்தார். முழங்கால் வரை சேறு.

"உங்க வீட்டு அம்மாவுக்கு காச்சலுங்க. நேத்திலேர்ந்து ரத்தம் போவுது. நர்சம்மா பாத்துட்டு, கீழ பெரியாஸ்பத்திரிக்கி கொண்டும்போவச் சொல்லிட்டாங்க. டாக்டரு மறியல்ல கீழயே நின்னுட்டாருங்க."

மாமா உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதரே தொடர்ந்து சொன்னார். "நாங்க தூளி கட்டித் தூக்கியாந்துடறோம். ஆளுங்க தயாரா இருக்காங்க. ஒத்தையடிப் பாதைல எறங்கினா பொழுது சாயறதுக்குள்ள அடிவாரம். நீங்க வண்டியோட அங்க நின்னா போதும். உங்க கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கினு வரச் சொன்னாங்க."

தூளி என்றால் கம்பளியை மூங்கில் கழியில் இரு முனையும் கட்டி, உள்ளே ஆளைப் படுக்கவைத்து, முன்னும் பின்னுமாகத் தோளில் தூக்கி வருவது. எங்கள் சமவெளியில் கழியில் கட்டி எதைத் தூக்குவார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிணற்றில் விழுந்து செத்தவர்களையும் பூச்சிமருந்தைக் குடித்துச் செத்தவர்களையும் அப்படித்தான் கொல்லையிலிருந்து ரோட்டுக்குக் கொண்டுவருவார்கள்.

மாமா வெடித்துவிட்டார். "இன்னா பேசற நீ? உசுரோட கீறவள கழியில தொங்கவுட்டு எடுத்துக்கினு வர்றதா? வவுத்துல புள்ள வச்சிருக்கறா!"

"எங்க பொம்பளைங்கள அப்டித்தான் கொண்டாறோமுங்க. போனவங்க நடந்தே திரும்பி வந்திருக்காங்க."

"உங்க பழக்கம் உங்களுக்கு. எங்களுக்கு வேணாம். எதிர்ல பாக்கறவன் இன்னான்னு நெனப்பான்?"

அப்பாவும் வேண்டாம் என்றார். வாயிலிருந்து அபசகுனமாக எதுவும் வந்துவிடக் கூடாது என்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டே சொன்னார். அம்மா அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லை.

"வண்டி வந்துக்கினே கீதுன்னு சொல்லு. பயப்பட வேணாம்னு சொல்லு" என்று மாமா அவரை அனுப்பினார். அவர் அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, வந்த வழியே நடந்தார்.

இனி விளக்குகளை மாட்டியாக வேண்டும். மாட்டினால் சாவடியில் விடுவார்கள், விட்டால் மாலைக்குள் மலை ஏறிவிடலாம். நான் என் கடையிலிருந்து சாமான்களைச் சாக்கில் போட்டு எடுத்துவந்தேன். நெல் குதிருக்குப் பின்னாலிருந்த விளக்கு நன்றாகவே இருந்தது. இடது பக்கத்து விளக்கைக் கழற்றுவதுதான் பாடாக இருந்தது. துருவேறிய போல்ட்டில் மண்ணெண்ணெயை ஊற்றி ஊறவைத்து, ஸ்பேனர் போட்டுத் திருகினால் அதன் தலை மழுங்கிக்கொண்டு போனது. கடைசியில் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, இரும்பறுக்கும் ஹேக்ஸா பிளேடைத் துணி சுற்றிக் கையில் பிடித்து, போல்ட்டையே அறுத்தேன். துருத்தூள் கண்ணில் கொட்டியது. மாமா என் கால்மாட்டில் நின்றுகொண்டு, "ஆச்சா மச்சான்? ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "ஆனா சொல்ல மாட்டேனா?" என்று கத்தினேன்.

அந்த விளக்கில் பல்பும் போயிருந்தது. ஆறு வோல்ட் பல்புக்காகப் பழைய சாமான் கடை பாயின் வீட்டுக்குச் சைக்கிளில் ஓடினேன். முன்கதவு அடைத்திருந்தது. பின்கதவைத் தட்டினேன். பாய் எட்டிப் பார்த்துவிட்டு, "பன்னெண்டு வோல்ட்டு மூட்டையா கீது. ஆறு வோல்ட்டு இப்ப யாரு வச்சிருக்காங்க?" என்றார். அக்காவைப் பற்றிச் சொன்னேன். அவர் உள்ளே நின்றிருந்த தம் பழைய ஸ்கூட்டரின் பின்னால் குந்தி உட்கார்ந்து, அதன் பல்பைக் கழற்றி என் கையில் வைத்தார். அந்த நாளில் பார்த்தவர்களில் யாரைப் பற்றி நினைத்தாலும் எனக்குக் கோபம் வரும், அவர் ஒருவரைத் தவிர.

கண்ணாடிக்கு வழியில்லை. அம்மா குளிக்கிற சிவப்புப் பிளாஸ்டிக் மக்கின் அடியை வட்டமாக அறுத்து வைத்தேன். அளவு சரியாகவே இருந்தது. இரண்டு விளக்குகளையும் பேட்டரியில் நேராக வைத்துப் பார்த்தேன். எரிந்தன. வண்டியில் பொருத்தி, புது போல்ட் போட்டு முறுக்கி, மாமாவை சுவிட்சைப் போடச் சொன்னேன். இரண்டும் எரியவில்லை.

நான் மோட்டார்காரன். என் மோட்டாரில் கரண்ட் ஒரு ஒயரில் வந்து இன்னொரு ஒயரில் போகும். எரியவில்லை என்றால் எங்கோ ஒயர் அறுந்திருக்கிறது என்றுதான் என் புத்தி போகும். பேட்டரியிலிருந்து பின்பக்கம் வரைக்கும் ஒயரைத் தடவித் தடவிப் பார்த்தேன். எலி கடித்த இடத்தில் ஒட்டுப் போட்டேன். அப்புறம் முழு ஒயரையும் பிடுங்கிவிட்டு, காயில் கட்டும் கடைக்காரனிடம் இல்லாத ஒயரா என்று புதிதாக இழுத்தேன். எரியவில்லை. உச்சி வெயில் தாண்டிவிட்டது. மாமா சுவிட்சைப் போட்டுப் போட்டுப் பார்த்தார். "நேரம் சரியில்ல மச்சான். நமக்கு நேரமே சரியில்ல" என்று முணுமுணுத்தார்.

அந்தப் பேச்சுதான் என்னைக் கிளப்பிவிட்டது. வலது பக்கத்து விளக்கைக் கழற்றி, ஒயரோடு தொங்கிக்கொண்டிருந்ததை அப்படியே ஓங்கி, அதன் அடிப்பாகம் படும்படி பின்பட்டையின் இரும்புத் தகட்டில் ஒரு அடி அடித்தேன். அடித்த இடத்தில் பெயிண்ட் பெயர்ந்தது, அந்த மாத்திரத்தில் விளக்கு பளிச்சென்று ஒருமுறை எரிந்து அணைந்தது.

ஜீப்பில் இரண்டாவது ஒயரே கிடையாது. விளக்கின் அடிப்பாகம் வண்டியின் இரும்பைத் தொட வேண்டும், அந்த இரும்புதான் இன்னொரு ஒயர். தொடவிடாமல் நடுவில் மாட்டுக் கொம்புப் பெயிண்ட் மெத்தையாக உட்கார்ந்திருந்தது. விளக்கு உட்காரும் இடம், போல்ட் நுழையும் ஓட்டை, எல்லா இடத்திலும் மாமா ஒரு விரல்கூட விடாமல் பூசியிருந்தார். விளக்கைக் கழற்றாமல் பூசிய இடது பக்கத்தில், பெயிண்ட் எட்டாத இடத்தைத் துரு மூடியிருந்தது.

அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் புரிந்துவிட்டது. வீட்டுக்குள் ஓடி அருவாமணையை எடுத்துவந்து, அதை வைத்துச் சுரண்ட ஆரம்பித்தார். நான் உளியால் சுரண்டினேன். பச்சைச் சுருள்கள் எங்கள் மடியில் விழுந்தன. இரும்பு வெள்ளையாகத் தெரியும் வரை சுரண்டி, விளக்குகளை மாட்டினோம். இரண்டும் எரிந்தன. மக்கின் அடியை வைத்தது கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். யாரும் சந்தோஷப்படவில்லை.

கச்சிராயபாளையம் போகிற வழியில், எங்கள் ஊர் எல்லையிலேயே ஒரு பெரிய புளியமரத்தைக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். இளவட்டங்கள், நடுவயதுக்காரர்கள், இரண்டு மூன்று பெரியவர்கள் எல்லாரும் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப்பேர் எங்களுக்குப் பழக்கம். மாமா இறங்கிப் போய் விஷயத்தைச் சொன்னார். எல்லாரும் எழுந்து நின்று கேட்டார்கள். உண்மையாகவே வருத்தப்பட்டார்கள்.

"பாவம்ண்ணே. ஆனா இத எப்டிண்ணே? வேரோட விழுந்த மரம். ஆளு வச்சு நவுத்தற மரமா இது? லாரி கட்டி இழுத்தாதான்."

"மேல தலைவருங்கள கேக்காம நாங்களா கைய வெக்க முடியாதுங்க" என்றார் ஒருவர், தணிந்த குரலில்.

அவர்களோடு சண்டை போட நேரமில்லை. வண்டியைப் பின்னால் எடுத்து, நான்கு சக்கரத்துக்கும் பவரைப் போட்டு, மாமா கரும்புக் கொல்லைக்குள் இறக்கிவிட்டார். வாய்க்கால் கரையோடு ஒரு பக்கம் சாய்ந்தபடியே போனோம். சாய்ந்த பக்கத்து விளக்கு கரையில் உரசிவிடுமோ என்று நான் பின்னால் தொங்கிக்கொண்டே வந்தேன். மரத்தைத் தாண்டி மறுபடி தார்ரோட்டில் ஏறினோம்.

சாவடியில் இன்ஸ்பெக்டர் பின்னால் வந்து நின்று பார்த்தார். மாமா பிரேக்கை மிதித்தார், சுவிட்சைப் போட்டார். இன்ஸ்பெக்டர் பிளாஸ்டிக்கை விரலால் சுண்டிப் பார்த்தார். "இது இன்னாய்யா, மக்கா?" என்று கேட்டு, கூட நின்றவர்களைப் பார்த்தார். அவர்கள் சிரித்தார்கள். "சரி, எரியுதுல்ல. நில்லு, வேன் வரட்டும்."

வேன் டீசல் போடப் போயிருந்தது. நின்றோம். உடம்பு சரியில்லாதவள் மேலே கிடக்கிறாள் என்று மாமா போய்ப் போய்ச் சொன்னார். "அதுக்குத்தான்யா வேனு. மேல நடுவழில உன்ன எவனாவது அடிச்சுப் போட்டா?" என்றார் இன்ஸ்பெக்டர். மனுஷன் கெட்டவர் இல்லை. வேன் வந்தபோது வெயில் இறங்கிவிட்டது.

மலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. மூன்றாவது வளைவிலேயே மூடுபனி வந்து அடைத்தது. பின்னால் வந்த வேனின் டிரைவர் எங்கள் இரண்டு சிவப்பு விளக்குகளைப் பார்த்துத்தான் வண்டி ஓட்டினார். ஒவ்வொரு வளைவிலும் அவர் சரியாக எங்களுக்குப் பின்னாலேயே வந்தார். விளக்கு இல்லாமல் ஏறியிருந்தால் எங்கள் மேல் மோதியிருப்பார் அல்லது பள்ளத்தில் விட்டிருப்பார். ஆக, உத்தரவும் நியாயமான உத்தரவுதான். அன்றைக்கு நான் பார்த்த எல்லாரிடமும் ஒரு நியாயம் இருந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

அக்கா வீட்டு வாசலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜீப்பைப் பார்த்து யாரும் எழுந்திருக்கவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மாமா இன்ஜினை அணைக்காமலே இறங்கி உள்ளே ஓடினார்.

சுவரோரமாக ஒரு நீள மூங்கில் சாத்தியிருந்தது. அதில் கம்பளியை இரு முனையும் இறுக்கிக் கட்டி, உள்ளே தலைக்குக் கிழிசல் புடவையை மடித்து வைத்திருந்தார்கள். காலையில் வந்த மனிதர் அதன் பக்கத்தில் நின்றார். "கட்டி வச்சிட்டுத்தாங்க வந்தேன். நீங்க வேணாம்னுட்டீங்க" என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. அடுத்தவர் வீட்டுப் பெண்ணை, வேண்டாம் என்று சொன்ன பிறகு, அவர் எப்படித் தூக்குவார்?

அக்கா உச்சிப்பொழுது வரைக்கும் பேசிக்கொண்டிருந்தாளாம். வண்டி வருகிறது என்று அவர் வந்து சொன்னதும் தெம்பாகிக் கஞ்சிகூடக் குடித்தாளாம். "சத்தம் கேக்குதா, சத்தம் கேக்குதான்னு கேட்டுக்கினே இருந்துச்சும்மா" என்று ஒரு பெண் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்கள் சாவடியில் வேனுக்காக நின்றிருந்த நேரத்தில்தான் போயிருக்கிறாள். அந்த இரவைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

விடிந்ததும் அவளை ஜீப்பின் பின்னால் பாய் விரித்துக் கிடத்தினோம். மலைக்காரர்கள் நான்கு பேர் கூட ஏறி, வளைவுகளில் அவள் உருளாமல் பிடித்துக்கொண்டார்கள். சாவடியில் யாரும் எதுவும் கேட்கவில்லை, தொப்பியைக் கழற்றினார்கள். இரவு மழையில் வாய்க்கால் கரை சேறாகிவிட்டிருந்தது. ஆள் ஏற்றிக்கொண்டு அதில் இறங்க முடியாது. தார்ரோட்டிலேயே வந்து, அந்தப் புளியமரத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார் மாமா.

அவர்கள் அங்கேயேதான் இருந்தார்கள். ஒருவன் எழுந்து வந்து பின்பக்கம் எட்டிப் பார்த்தான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, திரும்பி மற்றவர்களுக்குக் கைகாட்டினான். எல்லாரும் எழுந்துவிட்டார்கள். எவன் வீட்டுச் சாவானாலும் வழி விடுவது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம், தீராத பகைக்காரனும் சாவுக்கு வழி விடுவான். யாரோ ஓடிப்போய், கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கும் வடத்தைக் கொண்டுவந்தார்கள். கிளைகளை வெட்டித் தள்ளினார்கள். கரும்புக் கொல்லையில் நின்றவர்களும் ஓடிவந்து கைகொடுத்தார்கள். மேலே கேட்க வேண்டும் என்றவர்தான் முதல் ஆளாக அடிமரத்தில் தோளைக் கொடுத்தார். அவர் கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மரம் நகர்ந்தது. ஒரு வண்டி தாராளமாகப் போகும் அளவுக்கு ஒதுங்கிவிட்டது.

மாமா ஸ்டீயரிங்கை விட்டு இறங்கி நடுரோட்டுக்கு வந்தார். அந்த மரத்தைக் காட்டினார்.

"நேத்து நவுராதுன்னு சொன்னீங்களே."

வடத்தைச் சுருட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் அவரைப் பரிதாபமாகப் பார்த்து, குழந்தைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்.

"நேத்து ஒண்ணும் ஆயிடலியே, தம்பி."

மாமா வண்டியில் ஏறி, கியரைப் போட்டார்.